குன்னூர் ஹோம்ஸ்டே, மழைல ரெண்டு நாள்

நவம்பர் மொத வாரம் குடும்பத்தோட போயிருந்தோம், கோத்தகிரி ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்கற சின்ன வீடு. ரூம் சுத்தம், வெந்நீர் எப்பவும் வருது, ராத்திரி போட்ட அவரைக்கொட்டை குழம்பு பிரமாதம். ஆனா அஞ்சு ஸ்டார் குடுக்கறது சாப்பாட்டுக்கு இல்லீங்க, வீட்டுக்குப் பின்னாடி இருக்கற சுவருக்கு.

2009 நவம்பர்ல நீலகிரில மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்தாங்க, கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. அதுல இருந்து மலைல எங்க தங்கினாலும் வியூ பாக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் போய் பாத்துடுவேன். போன வருசம் தங்கின வேற ஒரு இடத்துல மலையை ஜேசிபி வச்சு செங்குத்தா வெட்டி, முழுசா சிமென்ட் சுவர் எழுப்பியிருந்தாங்க, தண்ணி வெளிய வர ஒரு ஓட்டை கூட இல்ல. நீலகிரில நெறய இடத்துல மேல ஆழமா செம்மண்ணு, அடியில பாறை, விடாம மழை பெஞ்சா தண்ணி உள்ள எறங்கி தேங்கி மண்ணு கனத்துப் போய் பிடிப்பு விட்டுடும், அடிவாரத்தையும் வெட்டியாச்சுன்னா அப்புறம் எது தாங்கும்? அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இங்க மூணு படியா கல்லு சுவர், நடுநடுவுல பைப், மேல வெட்டிவேர் நட்டிருக்காங்க. காலைல ஓனர் அங்கிள் கம்பியை விட்டு ஒவ்வொரு பைப்பா அடைப்பு எடுத்துட்டு இருந்தாரு, நான் பக்கத்துல போனதும், "தண்ணி தெளிவா வருது பாருங்க தம்பி, திடீர்னு கலங்கலா வந்துச்சுன்னா உங்களை எழுப்பி மேல கூட்டிட்டுப் போயிருவேன்"னாரு.

எல்லா நிலச்சரிவும் ஒண்ணு இல்லைன்னு அவருதான் பையனுக்கு சொன்னாரு. ரோட்டோரம் பாறை பேந்து விழறது ஒண்ணு. மண்ணு மொத்தமா மெதுவா எறங்கறது இன்னொண்ணு, அதுக்கு முன்னாடி தரைல வெடிப்பு விடும், மரம் சாயும், கதவு சாத்த முடியாம பிடிக்கும், கவனிச்சா தப்பிச்சுக்கலாம். தண்ணி, சேறு, பாறை எல்லாம் கலந்து ஓடை வழியா பாய்ஞ்சு வர்றதுதான் கொடூரம், 2024 ஜூலை 30 விடியறதுக்குள்ள வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலையை அடிச்சுட்டுப் போனது அதுதான். 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடில லயத்துல, அதான் எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, தூங்கிட்டு இருந்த 70 பேர் போனாங்களே, முக்கால்வாசி நம்ம தமிழ் எஸ்டேட் ஜனங்க. அதைச் சொல்லும்போது அங்கிளுக்கு கொரல் கம்மிடுச்சு.

குறைன்னா, போன்ல சிக்னல் கெடைக்காது, கடைசி அரை கிலோமீட்டர் ரோடு மோசம், சின்ன கார்னா பாத்து ஓட்டுங்க. இன்னொண்ணு, ஓடைப் பக்கம் ஒரு ரூம் இருக்கு, போட்டோல பாத்தா அதுதான் இருக்கறதுலயே அழகு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எவ்வளவு காசு குடுத்தாலும் தரமாட்டாரு, பூட்டு போட்டு வச்சிருக்காரு, கேட்டு சங்கடப்படுத்தாதீங்க.