ராமோஜியா, கோடம்பாக்கமா? புதுவை, கடலூர்க் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை நெருங்கினால் புதுச்சேரியிலும் கடலூரிலும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். பிள்ளைகள் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி என்பார்கள். பெரியவர்கள், "அவ்வளவு தூரம் எதுக்கு, மெட்ராஸ்லயே ஏவிஎம் ஸ்டுடியோ இருக்கே" என்பார்கள். இரண்டுமே சினிமா ஊர்தான். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெளிவில்லாமல் டிக்கெட் போட்டால், பணமும் போய் விடுமுறையும் போய்விடும்.

சுருக்கமாகச் சொன்னால், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் கையில் மூன்று முழு நாளும் இருந்தால் ஹைதராபாத். இரண்டு நாள்தான் இருக்கிறது, அல்லது முட்டிவலி உள்ள பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் சென்னை. பழைய தமிழ்ப் படங்களை உயிராக நினைப்பவர்களுக்கும் சென்னைதான். காரணங்களைப் பார்ப்போம்.

போய்ச் சேரும் வழி

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கடலூரிலிருந்து கிளம்பினால் இன்னும் இருபத்தைந்து சேரும். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். திண்டிவனம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நகருக்குள் போக இன்னொரு பயணம். ஈசிஆர் பேருந்து அப்படியில்லை. திருவான்மியூர், கிண்டி வழியாகக் கோயம்பேடு வரை போகும். கோயம்பேட்டிலிருந்து வடபழனி பக்கம்தான், மெட்ரோ ரயிலும் இருக்கிறது. ஸ்டுடியோ வட்டாரத்தைப் பார்க்கக் கிளம்புபவர்கள் நடத்துநரிடம் "ஈசிஆரா, பைபாஸா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ஹைதராபாத்துக்கு இரண்டு வழிகளைச் சொல்லலாம். புதுவை லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து முன்பு ஓடிய விமானச் சேவை 2024இல் நின்றுபோய், அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோ மறுபடி தொடங்கியது. ஓடுவது சிறிய ஏடிஆர் விமானம், இருக்கை குறைவு. அதனால் விடுமுறைக் கட்டணம் சட்டென்று ஏறிவிடும். பெட்டிக்கான எடை வரம்பையும் டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, தாம்பரத்திலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ். மாலையில் ஏறினால் மறுநாள் காலை அங்கே. தாம்பரத்திலேயே ஏறிவிடலாம் என்பதால் சென்ட்ரல் வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை நம் ஊர்க்காரர்களுக்கு இல்லை. முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிட வேண்டும்.

ராமோஜி: முழுசாக ஒரு நாள்

ராமோஜி ராவ் 1996இல் தொடங்கிய இந்த வளாகம் 1,666 ஏக்கர். உலகின் மிகப் பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸில் பதிவானது. நகரின் கிழக்கே, விஜயவாடா நெடுஞ்சாலையில் அப்துல்லாபூர்மெட் பக்கம் இருக்கிறது. இந்தத் திசைதான் முக்கியம். இணையத்தில் நல்ல ஓட்டல் என்று தேடினால் பஞ்சாரா ஹில்ஸ், ஹைடெக் சிட்டி என்று மேற்குப் பக்க அறைகளாகக் காட்டும். அங்கே தங்கினால் காலை நெரிசலில் முழு நகரையும் குறுக்கே கடக்க வேண்டும். காட்சிகள் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தால் நாளின் கணக்கே குலைந்துவிடும். முதல் இரவு எல்.பி. நகர், தில்சுக்நகர் பக்கம் தங்குங்கள். எல்.பி. நகர் மெட்ரோவின் சிவப்பு வழித்தடம் முடியும் இடம். அங்கிருந்து நெடுஞ்சாலையில் நேர் பேருந்து கிடைக்கும். விமானத்தில் வருபவர்கள் நகருக்குள் நுழையவே வேண்டாம். ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து வெளிவட்டச் சாலையில் வந்து பெத்த அம்பர்பேட்டில் இறங்கினால் ஃபிலிம் சிட்டி அருகில்தான்.

நுழைவுக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு ஆயிரத்துக்கு மேல். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், எனவே மதியச் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாசலிலிருந்து உள் மையத்துக்கு வளாகத்தின் பேருந்தில்தான் போக முடியும். ஒன்பது மணிக்கே வாசலில் நின்றால், வெயில் ஏறுமுன் செட்டுகளைச் சுற்றிக்காட்டும் பேருந்தில் ஏறிவிடலாம். பலர் முதலில் ராட்டினங்களுக்கு ஓடுகிறார்கள். பிறகு உச்சி வெயிலில் செட் பேருந்துக்கு வரிசையில் நின்று வாடுகிறார்கள். தக்காணத்துப் பாறைக் காட்டில் நிழல் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கடற்காற்றில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த வறண்ட சூடு புதிது. வியர்ப்பது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தண்ணீர் நினைவு வரும்.

செட்டுகளில் விமான நிலையமும் ரயில் நிலையமும் பார்க்க வேண்டியவை. திரையில் நூறு தடவை பார்த்த இடம், கிட்டே போனால் வெறும் முகப்பு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பு. பாகுபலிக்காகப் போட்ட செட்டில் கூட்டம் அதிகம். ஆனால் சினிமா என்றால் என்ன என்று உண்மையாகவே கற்றுக்கொடுப்பது 'மூவி மேஜிக்' என்ற நிகழ்ச்சிதான். பார்வையாளர்களிலிருந்து ஒருவரை அழைத்து, ஓடாத குதிரை வண்டியில் உட்காரவைத்துப் படம் பிடிக்கிறார்கள். அடுத்த அரங்கில் குளம்பொலி போன்ற சத்தங்களைக் கண்முன்னே உண்டாக்கிச் சேர்க்கிறார்கள். கடைசி அரங்கில் திரையில் அந்த வண்டி பாய்ந்து ஓடுகிறது. படப்பிடிப்பு, ஒலிச் சேர்ப்பு, படத்தொகுப்பு மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் புரிந்துவிடும். நேரம் குறைவாக இருந்தால் ராட்டினத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். விளக்கம் பெரும்பாலும் இந்தி, தெலுங்கு, ஆங்கிலத்தில் இருக்கும். பாட்டிமாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கே சார்மினாரையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். மாலை ஃபிலிம் சிட்டியை விட்டு வெளியே வந்ததும் தூக்கம்தான் வரும்.

பொங்கல் விடுமுறையும் வேண்டாம். அங்கே அது சங்கராந்தி. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் ஆந்திரக்காரர்கள் சொந்த ஊருக்குக் கிளம்புவது இதே விஜயவாடா நெடுஞ்சாலையில்தான். சுங்கச்சாவடிகளில் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும்.

கோடம்பாக்கம்: தெரிந்து பார்த்தால் மட்டும்

சென்னையில் ராமோஜி போல ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றையும் காட்டும் இடம் கிடையாது. இந்த உண்மையைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். படப்பிடிப்புத் தளங்கள் வேலை நடக்கும் இடங்கள், அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நடிகர் வருவாரா என்று வாசலில் காத்திருந்து அரைநாளை இழப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து 1948இல் வந்த ஏவிஎம், ஆற்காடு சாலையில் அந்த உலக உருண்டையோடு நிற்கிறது. உள்ளே இப்போது அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய கேமராக்களும் படத்தொகுப்புக் கருவிகளும் வரிசை வரிசையாகப் பழங்காலக் கார்களும் உண்டு. கிளம்புமுன் நேரத்தையும் விடுமுறை நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே வட்டாரத்தில் விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த இடம் இன்று மருத்துவமனையும் மாலும். ஜெமினி ஸ்டுடியோ பெயரளவில் மேம்பாலத்தில் வாழ்கிறது. அண்ணா மேம்பாலம் என்று எழுதியிருந்தாலும் ஆட்டோக்காரரிடம் ஜெமினி என்றுதான் சொல்ல வேண்டும்.

தி.நகர் ஆற்காட்டுத் தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கிறது. செவ்வாய் விடுமுறை. அவர் வளர்த்த சிங்கத்தைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவர் பயன்படுத்திய அம்பாசடர் காரும் அங்கேதான். அடையாறில் 2017இல் திறந்த சிவாஜி மணிமண்டபம் சிறியது, கால்மணி நேரம் போதும். அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தை ஒட்டிய அஞ்சல்தலை நிலையத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டராகத் தொடங்கிய கட்டடம் அது. பேசாத படம் ஓடிய கூரைக்குக் கீழே நின்று, பேத்திக்கு ஒரு அஞ்சல்தலை வாங்கிக்கொடுக்கலாம். ராமோஜியின் எந்தச் செட்டிலும் இது கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தெலுங்குப் படவுலகமே ஒரு காலத்தில் மதராஸில்தான் இருந்தது. திருப்பதி முடித்து வரும் தெலுங்கு யாத்ரீகர்கள் தி.நகரில் என்.டி.ராமாராவ் வீட்டு வாசலில் காத்து நிற்பார்கள். நடிகர் நாகேஸ்வர ராவ் 1976இல் ஹைதராபாத்தில் அன்னபூர்ணா ஸ்டுடியோவைத் திறந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு ஊரையும் பார்ப்பவர்கள் முதலில் சென்னையைப் பாருங்கள், கதை வரிசையாகப் புரியும்.

சென்னைக்கு இருக்கும் பெரிய பலம் போகிற வழி. சொந்த வண்டியில் விடியற்காலை கிளம்பினால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா இரண்டையும் பார்த்துவிட்டு மாலைக்குள் நகருக்குள் நுழையலாம். முதலைப் பண்ணைக்குத் திங்கள், தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. மாமல்லபுரத்தை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அதற்கு நம் ஊரிலிருந்து தனியாக ஒரு நாள் போய்வருவதே நல்லது.

ஹைதராபாத்தின் மீதி நாள்கள்

1591இல் முகம்மது குலி குதுப் ஷா கட்டிய சார்மினாரில் ஏற 149 படி, குறுகல், செங்குத்து. பெரியவர்களைக் கீழே லாட் பஜார் வளையல் கடைகளில் விட்டுவிடலாம். கோல்கொண்டா கோட்டையில் நுழைவாயில் குவிமாடத்தின் கீழ் கைதட்டினால் மலையுச்சியில் கேட்கும். ஒருவர் கீழே நின்று தட்ட, மற்றவர்கள் மேலே போய்க் கேட்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக நின்று தட்டிவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்பார்கள். சாலர் ஜங் அருங்காட்சியகத்தின் இசைக் கடிகாரத்தில், மணிக்கொரு தடவை சின்ன பொம்மை வெளியே வந்து மணி அடிக்கும். பன்னிரண்டு முறை அடிப்பதைக் கேட்க ஆசையிருந்தால் 11:45க்கே போய் இடம் பிடியுங்கள். சாலர் ஜங், சௌமஹல்லா அரண்மனை இரண்டுக்கும் வெள்ளி விடுமுறை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் அப்படியே.

சாப்பாடு

இதில் இரண்டு ஊரும் நேருக்கு நேர் மோதுவதில்லை. காலைச் சாப்பாட்டில் சென்னையை ஹைதராபாத் நெருங்க முடியாது. இரவுச் சாப்பாட்டில் ஹைதராபாத்தைச் சென்னை நெருங்க முடியாது.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் (1948) இரண்டு இட்லி கேளுங்கள். பாத்திரத்தோடு வருபவர் இட்லி மூழ்கும் வரை சாம்பாரை ஊற்றுவார். அரைநிமிடம் அப்படியே விடுங்கள், ஊறிய பிறகு ஸ்பூனால் வெட்டி எடுங்கள். சாம்பார் குறையக் குறைய மறுபடி ஊற்றுவார்கள். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. காலையில் சீக்கிரம் போகாவிட்டால் தெருவில் நின்று காத்திருக்க வேண்டும், மதியச் சாப்பாடு கிடையாது. மாட வீதிக் காளத்தி கடை ரோஸ்மில்க் பிள்ளைகளுக்கு. அசைவத்துக்கு மவுண்ட் ரோடு புஹாரி. சிக்கன் 65 பிறந்த இடம் என்று அவர்களே உரிமை கொண்டாடும் கடை. மார்கழியில் போனால் சபா கேன்டீன்களைத் தவறவிடாதீர்கள், கச்சேரிக்கு டிக்கெட் இல்லாமலும் பல இடங்களில் சாப்பிடலாம். மீன் மட்டும் சென்னையில் தேட வேண்டாம். கடலூர் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் படகிலிருந்து இறங்குவதைச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அங்கே புதிதாக ஒன்றுமில்லை.

ஹைதராபாத் பிரியாணியில் நம்மவர்கள் ஏமாறுவது ஒரு காரணத்தால்தான். நம் பக்கத்துப் பிரியாணியில் மசாலா எல்லாச் சோற்றிலும் ஏறியிருக்கும், கூடவே கத்திரிக்காய் வரும். அங்கே பச்சை மட்டனை மசாலாவில் ஊறவைத்து அடியில் போட்டு, அரைவேக்காட்டு பாசுமதியை மேலே பரப்பி, மூடியை மாவால் அடைத்துத் தம் போடுவார்கள். மசாலா முழுக்க அடியில். மேல் சோறு வெள்ளையும் மஞ்சளுமாக இருக்கும். மேலாகச் சாப்பிட்டுவிட்டு "காரமே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. தட்டில் அடிவரை கரண்டியை விட்டுத் திருப்பி, வேர்க்கடலையும் எள்ளும் புளியும் அரைத்த மிளகாய் சாலனைத் தொட்டுச் சாப்பிடுங்கள். மட்டனையே கேளுங்கள். அளவு பெரிது, ஒரு பிளேட்டை இருவர் பகிரலாம். சார்மினார் பக்கம் ஷாதாப், நாராயண்கூடா பக்கம் கஃபே பஹார் நல்ல தேர்வுகள். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஹலீமை ரம்ஜான் மாதத்தில் தேடுங்கள். கோதுமையும் கறியும் கரைந்து ஒன்றாகும்வரை மணிக்கணக்கில் கிண்டியது அது. மற்ற நாளில் கிடைப்பது அந்த ருசியில் இருக்காது.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஆந்திரா சாப்பாட்டில் முதல் சோற்றுக்குப் பருப்புப் பொடியும் நெய்யும், அடுத்து கோங்குரா என்ற புளிச்சகீரை. காரம் நம் அளவுக்கு ஒன்றரை மடங்கு. வயிறு பழகாத பிள்ளைகளுக்கு முதலிலேயே தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குபானி கா மீட்டா என்ற உலர் ஆப்ரிகாட் இனிப்பு மட்டும் எல்லோருக்கும் பிடிக்கும்.

ஊருக்கு என்ன வாங்கி வருவது என்று கேட்டால் உஸ்மானியா பிஸ்கட். சார்மினாருக்கு எதிரே நிம்ரா கஃபேயில் இரானி டீயோடு ஒன்றைத் தின்று பாருங்கள். இனிப்பும் உப்பும் சேர்ந்து, நாக்கில் வைத்ததும் பொடியாகும். அந்தப் பொடியும் தன்மையால்தான் பெட்டியின் அடியில் வைத்தால் தூளாகிவிடும். கைப்பையில், மேலாக வைத்துக்கொண்டு வாருங்கள். கடலூரின் ஈரக்காற்றில் நமுத்துப்போகும், வீடு வந்ததும் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.