பிள்ளையோடு குடியைப் பற்றிப் பேசுவது எப்படி: உப்புவெளிப் பயிலரங்கு ஒன்றின் மதிப்பீடு

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு மதுபானத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பெற்றோரைப் பழக்கும் அரைநாள் பயிலரங்கு ஒன்று திருகோணமலை உப்புவெளியில் சனிக்கிழமைகளில் நடைபெறுகிறது. கட்டணம் குடும்பத்துக்கு 500 ரூபாய். தேநீரும் ரோல்ஸும் அதற்குள் அடக்கம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகன் எங்கள் வீட்டில் இருக்கிறான். ரியூசனும் இல்லாத, கூட்டாளிமாரோடு நிலாவெளிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போய்வரும் இந்த மாதங்களில்தான் பல பையன்கள் முதல் பியரைத் தொடுகிறார்கள் என்பதால் நானும் மனைவியும் அவனையும் கூட்டிக்கொண்டு போனோம்.

தொடக்கம் அவ்வளவு நன்றாக இல்லை. பழுதடைந்த ஈரலின் படங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதிலேயே முதல் ஒரு மணி நேரம் கழிந்தது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயதில் வரப்போகும் நோயைக் காட்டிப் பயன் காண்பது கடினம். பின்வரிசைப் பையன்கள் கைபேசிக்குள் குனிந்துவிட்டார்கள்.

அதன்பின் பயிலரங்கை நடத்திய வளவாளர் மேசைமேல் இரண்டு வெற்றுப் போத்தல்களை வைத்தபோதுதான் மண்டபம் நிமிர்ந்தது. ஒன்று 625 மில்லிலீற்றர் ஸ்ட்ரோங் பியர், மற்றது 180 மில்லிலீற்றர் சாராயக் கால் போத்தல். 10 கிராம் தூய மதுசாரத்தை ஓர் அளவாகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை அளவு இருக்கும் என்று பிள்ளைகளையே கணிக்கச் சொன்னார். 8.8 சதவீதப் பியரில் நாலுக்குச் சற்று மேலே வந்தது, 33.5 சதவீதச் சாராயத்தில் ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. 'பியர்தானே, அது குடியா?' என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்த தகப்பன்மார், நான் உட்பட, தரையைப் பார்த்தோம். ஈரல் ஓர் அளவைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும் என்றும், தேசிக்காய்த் தண்ணியோ மோரோ தலைமுழுக்கோ அதை விரைவாக்காது என்றும் அவர் விளக்கியதை என் மகன் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஒரு பகுதிக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம்.

வீட்டில் வைத்து ஒரு மிடறு பழக்கிவிட்டால் வெளியில் அளவோடு இருப்பான் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் படித்தவர்களிடமும் உண்டு. அவுஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பெற்றோர் கையால் மது கொடுப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்றே காட்டியது. வளவாளர் இதை வாதாடாமல் சொல்லிவிட்டு நடிப்புப் பயிற்சிக்குப் போனார்.

அந்தப் பயிற்சியில் பெற்றோர் பிள்ளையாகவும் பிள்ளை பெற்றோராகவும் மாற வேண்டும். ஒரே நாளில் பெரிய உபதேசம் வேண்டாம், மோட்டார் சைக்கிளில் போகும்போதும் மீன் வெட்டும்போதும் ஐந்து நிமிடப் பேச்சாகப் பலமுறை பேசுங்கள் என்பதே அதன் சாரம். 'எந்த நேரமென்றாலும் அழை, வந்து ஏற்றுவேன், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்' என்ற ஒப்பந்தத்தையும் எழுத வைத்தார்கள். இரவில் வாகனம் ஓட்டாத, கணவர் வெளிநாட்டில் இருக்கும் தாய் யாரை அனுப்புவார் என்று ஒருவர் கேட்டார். பிள்ளைக்குப் பிடித்த ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், நல்ல விடைதான். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒரு தாய், மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதோடு தங்கள் வீட்டில் பேச்சு முடிந்துவிடுகிறது, விடுதியில் கூட்டாளி போத்தலை நீட்டும்போது மகன் என்ன சொல்வான் என்று யாரும் கேட்பதில்லை என்றார். அவரையே மகனாக நடிக்க வைத்தது அன்றைய நாளின் சிறந்த கட்டம்.

சறுக்கியது இதன் பிறகு. நடிப்பின் நடுவே ஒரு பையன், 'நீங்கள் குடிக்கிறீங்கள்தானே அப்பா?' என்று கேட்டான். 'அது உங்கள் குடும்ப விடயம்' என்று வளவாளர் சிரித்தபடி அடுத்த இணையை அழைத்துவிட்டார். எனக்கு இதில் உடன்பாடில்லை. இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பதைத் தடைசெய்கிறது. ஆனால் கலியாண வீட்டிலும் அந்தியேட்டி முடிந்த மாலையிலும் வளவின் பின்பக்கம் கதிரை போட்டு இருக்கும் பெரியவர்கள், 'தம்பி, ஓடிப்போய் இரண்டு சோடாவும் மிக்சரும் வாங்கி வா' என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அனுப்புவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. மிச்சக் காசை வைத்துக்கொள்ளும் அந்தப் பிள்ளை குடியைப் பற்றிய தன் முதல் பாடத்தை அங்கேயே படித்து முடித்துவிடுகிறது. தகப்பன் தன் குடியைப் பற்றி வாய் திறக்காமல் மகனிடம் என்ன பேசினாலும் அது அரைப் பேச்சு. அதற்கென்று தகப்பன்மாரை மட்டும் தனியே இருத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். ஈரல் படங்களைக் குறைத்தாலே நேரம் கிடைத்திருக்கும்.

பெண் பிள்ளைகளிடம், குடிக்கும் தகப்பனை எப்படிச் சமாளிப்பது என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கப்படவில்லை. அவர்களுக்கும் கூட்டாளிமார் உண்டு, பல்கலைக்கழக விடுதி உண்டு என்பதை ஏற்பாட்டாளர்கள் நினைக்கவில்லைப் போலும்.

சில்லறைக் குறைகளும் உண்டு: சனிக்கிழமை பிற்பகல் ரியூசன் நேரம் என்பதால் பாதிப் பிள்ளைகள் தேநீருக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை.

பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட, இன்னும் தொடங்காத பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்; தாயை மட்டும் அனுப்பாமல் தகப்பனும் போக வேண்டும். ஏற்கெனவே குடிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு இது இடமல்ல. அத்தகைய பெற்றோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைப்பதோ, வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுவதோ நல்லது.