பிளாக்ஜாக் சிமுலேஷன் மென்பொருள்: பெரம்பூரிலிருந்து ஒரு மதிப்பீடு

பெரம்பூரில் புள்ளியியல் டியூஷன் எடுக்கும் நான், பணம் வைத்து ஆடுவதற்காக அல்லாமல் நிகழ்தகவுப் பாடத்திற்காகவே வாங்கிய, பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தைக் கணினியில் போலவே நடத்திக் காட்டும் இந்த மென்பொருளை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

6 கட்டுகளின் 312 சீட்டுகளில் 24 ஏஸ்கள் இருப்பதால், முதல் சீட்டு ஏஸாக அமையும் வாய்ப்பு 13இல் 1; அது கைக்கு வந்துவிட்டால், அடுத்தது பத்து மதிப்புள்ள சீட்டாகி (10, J, Q, K) இரண்டே சீட்டில் 21 என்ற பிளாக்ஜாக் சேரும் வாய்ப்பு சுமார் 31% என்பதாலும், அதற்கு 3:2 விகிதத்தில் (பந்தயத்தின் ஒன்றரை மடங்கு) தொகை கிடைப்பதாலும், ஆட்டக்காரரின் சாதகம், அதாவது பந்தயத் தொகையில் சராசரியாகக் கிடைக்கும் லாபம், ஏறத்தாழ 50% ஆகிறது. மென்பொருள் இதைச் சரியாகவே காட்டுகிறது. கலைத்த கட்டில் ஏஸ் எங்கே இருக்கும் என்ற கணிப்பு 5இல் 1 முறை பலித்தாலே சாதகம் 6 சதவீதத்தை ஒட்டி வருவதை வியாசர்பாடியிலிருந்து வரும் என் மாணவர்கள் திரையில் கண்டபோது, ஒன்று நடந்தது தெரிந்தபின் மற்றொன்றின் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்னும் நிபந்தனை நிகழ்தகவு அவர்களுக்கு முதன்முறையாகப் பிடிபட்டது. எனக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. கணிப்பு தவறினால் ஏஸ் எங்கோ சிதறிவிடுவதாக மென்பொருள் கொள்கிறது. உண்மையில், கடைசி இருக்கையில் இருப்பவருக்கு வரவேண்டிய ஏஸ் ஓரிடம் தள்ளிப்போனாலே அது சீட்டுப் போடுபவரிடம் விழக்கூடும், அப்போது பந்தயத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய நட்டம். இதைத் திருத்தி அமைக்கும் வசதி தரப்படவில்லை என்பதால், அந்தப் பகுதியை மட்டும் நான் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டுகிறேன்.