டொராண்டோ மகளுக்கு மதுரையில் ஒரு மாதத் தமிழ் வகுப்பு

என் மகளுக்கு 14 வயது, பிறந்து வளர்ந்ததெல்லாம் டொராண்டோ. நான் தமிழில் கேட்டால் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பதில் வரும். சண்டை என்று வந்துவிட்டால் எனக்கு இங்கிலீஷ் ஓடாது, அவளுக்குத் தமிழ் ஓடாது, கடைசியில் கதவைச் சாத்திக்கொள்வதுதான் மிச்சம். இந்த லீவுக்கு ஊருக்கு வந்தபோது கே.கே.நகர் பக்கம் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் நடக்கும் பேச்சுத்தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டேன். மாதம் 4,000 ரூபாய்.

டீச்சர் 247 எழுத்தில் ஆரம்பிக்கவில்லை. முதல் நாளே 'நாம', 'நாங்க' இரண்டையும் எடுத்தார். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே. "நாங்க சாப்பிடலாமாம்மா?" என்று அவள் எப்போதாவது தமிழில் கேட்கும்போதெல்லாம் என்னை விட்டுவிட்டுச் சொல்கிறாள் என்று உள்ளுக்குள் வருத்தப்பட்டிருக்கிறேன், என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள் பிள்ளை! அன்றைக்கு ராத்திரி "நாம சாப்பிடலாமா?" என்றாள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மூன்றாவது வாரம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார்கள். இவளே விலை கேட்டுக் கால் கிலோ உதிரி மல்லி வாங்கிவந்து, அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து நாரில் கட்டப் பழகினாள். 'அங்கிட்டு', 'இங்கிட்டு' எல்லாம் இப்போது தாராளமாக வருகிறது.

குறை என்றால், ஆறு வயசுப் பிள்ளைகளையும் இவளையும் ஒன்றாக உட்காரவைத்தது. அப்புறம், சேர்ப்பதாக இருந்தால் காலை வகுப்பாகக் கேளுங்கள், மத்தியானத்துக்கு மேல் மாடியில் வெக்கை தாங்காது.