மேசையா, திறந்த கூலரா, கதவு போட்ட கூலரா: பிளாக்பெர்ரியை எங்கே வைத்தால் கட்டுப்படியாகும்?

பழச் சரக்கில் பிளாக்பெர்ரி அளவுக்கு அவசரம் பிடித்தது குறைவு. 0 டிகிரி செல்சியஸில், 90 முதல் 95 சதவீத ஈரப்பதத்தில் வைத்தாலும் மென்மையான ரகங்கள் 2 முதல் 5 நாள்தான் தாங்கும். கெட்டியான புதிய ரகங்கள், வழியில் குளிர் விடாமல் வந்தால், ஒரு வாரத்தைத் தாண்டும். அதிலும் ஒரு பங்கு லாரியிலேயே கழிந்துவிடுகிறது. பறித்த பிறகு சர்க்கரை ஏறுகிற பழமும் இல்லை இது. "இரண்டு நாள் வைத்தால் இனிக்கும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்பினால், அவர் திரும்பி வருவது பூஞ்சை பிடித்த டப்பாவோடுதான்.

கணக்கு எளிது. ஒரு அட்டைப்பெட்டியில் 170 கிராம் டப்பா 12 இருக்கிறது, விற்பனை விலையில் 25 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 டப்பா விற்றால் போட்ட முதல் திரும்பும். மீதி 3 டப்பாதான் லாபம். அந்த மூன்றும் குப்பைக்குப் போனால் நாள் முழுக்க அடுக்கியது வீண். அதனால் எந்த இடத்தில் அதிகம் விற்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த இடத்தில் அந்த மூன்று டப்பா பிழைக்கும் என்றும் பார்க்க வேண்டும்.

வாசல் மேசை

விற்பனைக்கு மேசையை அடிக்க ஆளில்லை. பிளாக்பெர்ரி பெரும்பாலும் சாமான் பட்டியலில் எழுதிக்கொண்டு வந்து வாங்குகிற பழமல்ல. கண்ணில் பட்டால் கை போகும், அவ்வளவுதான். வாசலருகே கருப்பாகக் குவித்து வைத்தால் டப்பா பறக்கும். இதை மறுத்துப் பயனில்லை.

சிக்கல் வெப்பத்தைவிட வியர்வையில் இருக்கிறது. கடைக்குள் 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், ஏறத்தாழ 17 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் காற்றிலுள்ள நீர் படியும். கூலர் அறையிலிருந்து 2 டிகிரியில் வரும் டப்பாவைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். முதலில் மூடியின் வெளிப்புறம் மங்கும். பிறகு காற்றுத் துளை வழியே போன ஈரம் பழத்தின் மணிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் பொட்டுப் பொட்டாகத் தேங்கும். பிளாக்பெர்ரி வழவழப்பான ஒரே தோல் உள்ள பழமல்ல, பல சின்ன மணிகள் ஒட்டிய கொத்து. பள்ளத்தில் தேங்கிய நீர் சீக்கிரம் காயாது. சாம்பல் பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

மேசையில் செய்யும் பெரிய தப்பு இரவு வருகிறது: விற்காமல் மீந்ததை மறுபடி கூலர் அறைக்குள் தள்ளுவது. நனைந்த பழம் ஈரமான குளிர் அறையில் காயவே காயாது. மறுநாள் வெளியே எடுத்தால் இன்னொரு முறை வியர்க்கும். இப்படி இரண்டு முறை போய்வந்த டப்பா மூன்றாம் நாள் பெரும்பாலும் கழிவுதான். மேசை வேண்டும் என்றால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மணி நேரத்தில் விற்கும் அளவு மட்டும் வெளியே வரட்டும், வந்தது திரும்ப உள்ளே போகக் கூடாது. கூட்டம் நிச்சயமாக இருக்கும் நாளில் மட்டுமே இது கட்டுப்படியாகும்.

முன்பக்கம் திறந்த கூலர்

பெரும்பாலான கடைகள் இதைத்தான் நம்புகின்றன, பாதிப் பேர் இதைத் தப்பாகவும் பயன்படுத்துகிறார்கள். மேலிருந்து கீழே ஓடும் குளிர்காற்றுத் திரைதான் இந்தக் கூலருக்குக் கதவு. டப்பாவை ஷெல்ஃப் விளிம்பைத் தாண்டி அடுக்கினால் திரை கிழியும். கீழே காற்றை உள்ளிழுக்கும் சல்லடையின் மேல் அட்டைப்பெட்டியை வைத்தால் திரையே இல்லாமல் போகும். டிஸ்ப்ளேயில் 2 டிகிரி என்று காட்டிக்கொண்டே இருக்கும், முன் வரிசைப் பழம் 8 டிகிரியில் உட்கார்ந்திருக்கும். அந்த எண் சென்சார் இருக்கும் இடத்தின் காற்றைச் சொல்கிறது, பழத்தை அல்ல.

ஒரே கூலருக்குள்ளும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. விளக்கை ஒட்டிய மேல்தட்டு சூடு, முன்விளிம்பும் சூடு. பின்சுவரில் குளிர்காற்று நேரே அடிக்கும் துளைக்கு முன்னால் வைத்தால் அதற்கு நேர்மாறான கேடு வரும். பிளாக்பெர்ரி உறையும் புள்ளி ஏறத்தாழ மைனஸ் 0.8 டிகிரி. அங்கே உறைந்து இளகிய பழம் அன்றே சாறு விடும், ஊழியர் அதைப் பழசு என்று நினைத்துக்கொள்வார். நடுத்தட்டுகள்தான் பிளாக்பெர்ரிக்கு. கீரைக்குத் தண்ணீர் தூவும் கூலரில் மட்டும் இதை வைக்கவே வேண்டாம், கீழ்த்தட்டில் கூட.

கதவு போட்ட கூலர்

வெப்பநிலை நிலையாக இருப்பதில் இதற்கு நிகரில்லை. 5 டிகிரிக்குக் கீழே விடாமல் வைத்தால் ரைசோபஸ் என்ற அழுகல் பூஞ்சை அடங்கிவிடும். சாம்பல் பூஞ்சை 0 டிகிரியிலும் வளரும், ஆனால் மெதுவாக. அந்த மெதுவுக்குத்தான் இவ்வளவு பாடு.

குறை என்னவென்றால், கண்ணாடிக்குப் பின்னால் கருப்புப் பழம் தெரிவதே இல்லை. பனி படிந்த கதவு, இருட்டான தட்டு, கருப்பு டப்பா. இதற்கு மருந்து, பிளாக்பெர்ரியைக் கண்மட்டத்தில் ராஸ்பெர்ரிக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் நடுவில் வைப்பது. சிவப்புக்கு நடுவே கருப்பு எடுப்பாகத் தெரியும். வாரத்துக்குச் சில பெட்டிகளே விற்கும் கடைக்கு யோசனையே தேவையில்லை, கதவு போட்டதுதான். தினமும் பெட்டி பெட்டியாகப் போகும் கடைக்குத் திறந்த கூலரின் நடுத்தட்டு போதும். மேசையைத் தனி வழியாக எண்ணாமல், கூட்ட நாளில் இவற்றோடு சேர்த்துக்கொள்ளும் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

டப்பா விஷயம்

மூடி திறக்கும் பிளாஸ்டிக் டப்பா, மேலே படலம் ஒட்டிய தட்டு, காகிதக்கூழ்க் கூடை என்று மூன்றும் வருகின்றன. மூடி டப்பாவில் மேலும் கீழும் காற்றுத் துளை இருக்கும், அடுக்கினால் பாரம் தாங்கும். ஆனால் வாடிக்கையாளர் திறந்து பார்ப்பார், சிலர் பழத்தை மாற்றியும் போடுவார்கள். மூடி சரியாகக் கவ்வாத டப்பா தரையில் விழுந்தால் ஆளுக்கும் வழுக்கல், சரக்குக்கும் நஷ்டம். படலம் ஒட்டிய தட்டில் இந்தத் தொல்லை கிடையாது, பிளாஸ்டிக்கும் குறைவு. உள்ளே ஒரு பழம் பூஞ்சை பிடித்தால் தட்டையே தூக்கிப் போட வேண்டும் என்பதை இதன் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. மூடி டப்பாவில் ஒரு பழத்தை எடுத்துவிட்டால் எழுதியிருக்கும் எடை குறையும், பூஞ்சை வித்துகளோ அதற்குள் பக்கத்துப் பழங்களிலும் விழுந்திருக்கும். இரண்டிலும் சரியான முடிவு ஒன்றேதான்.

காகிதக்கூழ்க் கூடை பார்க்க அழகு. கொஞ்சம் ஈரம் உறிஞ்சும். ஆனால் ஈரமான கூலர் அறையில் நமத்துப்போனால் அடுக்கு சரியும், அடிப்பழம் கண்ணுக்கும் தெரியாது. அன்றன்று விற்றுத் தீரும் இடத்துக்கு மட்டும் பொருந்தும்.

170 கிராமா, 340 கிராமா என்பதில் எடையைவிட ஆழத்தைப் பாருங்கள். அகலமாக விரிந்த 340 கிராம் டப்பா பரவாயில்லை. உயரமானதில் மேல்பழத்தின் பாரம் அடிப்பழத்தை நசுக்கிவிடும்.

இறக்கும்போதே பார்க்க வேண்டியது

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைத்தான் அளக்கும். நடு அடுக்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, ஊசித் தெர்மாமீட்டரைப் பழத்துக்குள் செருகிப் பாருங்கள். அந்த ஒரு டப்பா போனால் போகட்டும். 2 டிகிரிக்குள் என்றால் நல்ல சரக்கு. 5 டிகிரி வரை என்றால் முதலில் விற்க வேண்டியது. அதற்கு மேல் என்றால் இறக்குவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டியது. பிறகு டப்பாவைக் கண்ணுக்கு மேலே தூக்கி அடியைப் பாருங்கள். பழத்துக்கு அடியில் போட்டிருக்கும் உறிஞ்சுதாளில் ஓரிரு பொட்டு இருந்தால் பரவாயில்லை, பரவிய கறை என்றால் அடிப்பழம் உடைந்துவிட்டது.

இங்கே பலர் தவறுவது சிவப்பு மணிகளில். கருத்த பழத்தில் இடையிடையே சிவப்பு மணி தெரிந்தால் காய் என்று திருப்பி அனுப்புகிறார்கள். கருப்பாகப் பறித்த பழத்திலும் அடிபட்ட மணிகள் குளிரில் இருக்கும்போது சிவப்பாக மாறும். உண்ணக் கேடில்லை. ஆனால் வழியில் குலுங்கியதற்கு அது சாட்சி. அதே சிவப்பு உங்கள் தள்ளுவண்டி வாசற்படியில் தடதடத்து ஏறினாலும் வரலாம். லாரிக்காரரைக் குறை சொல்லும் முன் அந்தப் படியையும் பார்ப்பது நல்லது.

மிஞ்சியதை என்ன செய்வது

விலை குறைப்பது, நல்ல பழத்தைப் பொறுக்கி வேறு டப்பாவில் கட்டுவது, உறைய வைப்பது என மூன்று வழி. பொறுக்கிக் கட்டுவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பழத்திலும் விரல் பட்டால் மறுநாள் சாறு விடும். வெவ்வேறு லாட், அதாவது வெவ்வேறு முறை வந்த சரக்கு, கலந்துவிட்டால், ஏதாவது புகார் வந்து சரக்கைத் திரும்பப் பெற வேண்டிய நாளில் எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உறைய வைப்பது, கடையோடு சமையலறையோ பேக்கரியோ இருந்தால் மட்டும். உடையாத பழத்தைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மைனஸ் 18 டிகிரியில் கெட்டியான பிறகு பையில் போட வேண்டும்.

மற்றவர்களுக்கு விலைக் குறைப்புதான். அதையும் சாயங்காலம் செய்தால் பழம் தளர்ந்திருக்கும், வாங்குகிறவர் வீட்டில் திறக்கும்போது கெட்டிருக்கும். கடைசி நாளின் காலையிலேயே, பழம் இன்னும் கெட்டியாக இருக்கும்போது ஸ்டிக்கர் ஒட்டி, அதே கூலரில் அதே தட்டின் ஒரு ஓரத்தில் வையுங்கள். தள்ளுபடிச் சரக்கு என்று மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம்.