உழவாரனா, தகைவிலானா: மலையில் எதை முதலில் பழகலாம்?

நீலகிரியில் புதிதாகப் பறவை பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு உழவாரன் (swift), தகைவிலான் (swallow) என்ற இந்த இரண்டும்தான் தலைவலி. தேயிலைத் தோட்டத்துக்கு மேலே கருப்பாக ஏதோ விர்ரென்று போகும், பைனாகுலரைத் தூக்குவதற்குள் காணாமல் போய்விடும். எதை முதலில் பழகலாம் என்று கேட்டால் யோசிக்காமல் தகைவிலான் என்பேன். அது உட்காரும், அவ்வளவுதான் காரணம்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரண்ட் கம்பியில் வரிசையாக இருப்பவற்றை நிதானமாகப் பாருங்கள். உழவாரனின் கால் ரொம்பக் குட்டை, சுவரையோ பாறையையோ நகத்தால் பற்றித் தொங்கத்தான் லாயக்கு, கம்பியில் உட்காராது. (மசினகுடிப் பக்கம் கிளையில் உட்காரும் கொண்டை உழவாரனைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது வேறு குடும்பம்.) கம்பியில் இருப்பதற்கு நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பாக இருந்தால் அடுத்து நெஞ்சைப் பாருங்கள். தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டை ஓடினால் குளிர்காலத்தில் வலசை வரும் தகைவிலான். பட்டை இல்லாமல் வயிறு அழுக்குச் சாம்பலாக இருந்தால் இங்கேயே வாழும் மலைத் தகைவிலான். வால் நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம், வலசை வருவதன் நீண்ட வாலிறகு உதிர்ந்தும் இருக்கலாம். மழை விட்டதும் ரோட்டோரச் சேற்றில் இறங்கி அலகில் மண் உருண்டை எடுப்பதும் தகைவிலான்தான், அதை ஒட்டி ஒட்டித்தான் வராந்தாவில் கூடு கட்டும். உழவாரன் தரையில் இறங்கிப் பொறுக்காது; காற்றில் மிதக்கும் இறகையும் சருகையும் பறந்தபடியே பிடித்து எச்சிலால் ஒட்டிக்கொள்ளும்.

சரி, உழவாரன்? வானத்தில் மட்டும்தான் பார்க்கக் கிடைக்கும், அதுவும் மஞ்சு மூடிய வானத்தில் எல்லாமே கருப்பு. அதனால் நிறத்தை விட்டுவிட்டு இறக்கையைப் பாருங்கள். கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி ஒரே வளைவு, விறைப்பாகப் படபடவென்று அடித்துவிட்டு அப்படியே வழுக்கிப் போகும். தகைவிலானின் இறக்கை அடியில் அகலம், நடுவில் மடங்கும், தாழ்வாக வந்து சட்டென்று திரும்பும்.

ஆனால் மலையில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு, சமவெளிக்காரர்களுக்கு அது கிடைக்காது. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலோ குன்னூர் டால்பின் நோஸிலோ விளிம்பில் நின்றால் பறவை உங்கள் காலுக்குக் கீழே பறக்கும், முதுகு தெரியும். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே முதுகில் வெள்ளைத் திட்டு இருந்தால் நாட்டு உழவாரன். உருவம் பெரிதாக இருந்து, திரும்பும்போது வெள்ளை வயிறும் குறுக்கே பழுப்புப் பட்டையும் தெரிந்தால் ஆல்பைன் உழவாரன், அதை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம்.

குழப்புவது பாறைத் தகைவிலான்தான். பாறை முகப்பை ஒட்டி உழவாரன் கூட்டத்துக்கு நடுவிலேயே பழுப்பாகச் சுற்றும், ஆனால் அவசரமே இல்லாமல் மிதக்கும், வாலை விரித்தால் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அப்புறம் குகைகளில் கூடு கட்டும் அந்தக் குட்டிப் பழுப்பு உழவாரன், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் இருப்பது. பளிச்சென்ற வெள்ளை எங்குமே கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமும் இல்லை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.