கால்வாய் வயலா, கிணற்றுத் தோட்டமா?

ஒரு ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்து ஊர்க்காரர்களுக்கே விற்கலாம் என்று நினைத்தால், திருநெல்வேலிப் பக்கம் முதல் கேள்வி இடம்தான். சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலா, மானூர்ப் பக்கம் கிணற்றுத் தோட்டமா?

வயலில் தண்ணீர்ச் செலவு குறைவு. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் பார்க்கலாம். ஆனால் பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால்தான் கார். மேல்வயல்காரர் யூரியா போட்டால் அதுவும் மடை வழியே உங்கள் வயலுக்கு வந்துவிடும். ஐப்பசி மழையில் கத்தரி வேரழுகும்.

தோட்டம் வேறு கதை. செம்மண் அமைந்தால் தண்ணீர் தேங்காது. கத்தரி, வெண்டை, மிளகாயை ஒரே நாளில் நடாமல், சில வாரம் விட்டுவிட்டுப் பாத்தி பாத்தியாக நட்டால் எப்போதும் ஏதாவது காய் பறிக்க இருக்கும். ஓரத்தில் முருங்கை. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் (சாணம் கலந்து செய்யும் இயற்கை உரக் கரைசல்) கரைக்க 10 கிலோ சாணம் போதும். ஒரு நாட்டு மாடு இருந்தால் சரி. வம்பெல்லாம் அப்புறம்தான்: சித்திரையில் கிணறு வற்றும், ஆடிக் காற்று முருங்கைக் கிளையை முறிக்கும், மயில் வேறு.

நெல்தான் வேண்டும் என்றால் வயல். பத்து வீட்டுக்குத் தினமும் காய் என்றால் நான் தோட்டத்தைத்தான் எடுப்பேன், அதுவும் கோடையில் கிணற்றை எட்டிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுப்பேன்.